குளூட்டன் ஃப்ரீ ரேக்கைத் தாண்டிப் போங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம். கடைக்குப் போற வழியில் போனில் படிக்கிறவங்களுக்காக நடுவில் தலைப்புகள் போட்டிருக்கோம்.)

இன்னைக்கு கோடிங், சர்வர், ஏ.ஐ. எதுவும் கிடையாது. மளிகை சாமான் வாங்கப் போறோம்.

காரணம், போன மாசம் வந்த ஒரு வாய்ஸ் நோட். பெருங்குடி பக்கம் ரூம் எடுத்துத் தங்கி முதல் வேலைக்குப் போற ஒரு தங்கச்சி. மூணு மாசம் முன்னாடி சீலியாக் நோய்னு உறுதி ஆகியிருக்கு. "இனிமே குளூட்டன் ஃப்ரீ மட்டும்தான்"னு டாக்டர் சொல்லிட்டார். அவங்களும் குளூட்டன் ஃப்ரீ ஆட்டா, குளூட்டன் ஃப்ரீ பிரெட், பிஸ்கட், பாஸ்தான்னு வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. 20-ஆம் தேதிக்கு மேல கையில் காசு இல்ல. "அந்த கடைசி பத்து நாள் மட்டும் மெஸ் சப்பாத்தி சாப்பிட்டுக்கறேன் அண்ணா. வயிறு ஒண்ணும் பண்ணல. பரவாயில்லதானே?"ன்னு கேட்டிருந்தாங்க.

பரவாயில்லன்னு சொல்ல முடியாது. எனக்கும் சீலியாக்தான், கண்டுபிடிச்சு நாலு வருஷம் ஆச்சு. அதனால இது நெட்டில் படிச்சு ஒப்பிக்கிற எபிசோட் இல்ல, நான் மாசாமாசம் செய்யற வேலை.

முதலிலேயே முடிவைச் சொல்லிடறேன். நம்ம ஊர் சமையலைப் பொறுத்தவரைக்கும் பாதுகாப்பானதும் மலிவானதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: முழுசா, ஒரே ஒரு பொருளா, அரைக்காம வாங்கற தானியமும் பருப்பும். குளூட்டன் ஃப்ரீன்னு எழுதின ரேக் உங்களுக்கு எப்பவாவது வேணும். தினமும் தேவைப்படாது.

வயிறு ஒண்ணும் பண்ணலன்னா?

கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்திலும் இருக்கிற ஒரு வகைப் புரதக் கூட்டத்துக்குத்தான் பொதுவா குளூட்டன்னு பேர். பரோட்டா மாவை இழுத்தா ரப்பர் மாதிரி நீளுதே, அதுக்குக் காரணம் இதுதான். பெரும்பாலானவங்களுக்கு இதனால ஒரு பிரச்சினையும் இல்ல. சீலியாக் இருக்கிறவங்களுக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனதும் உடம்போட நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தச் சிறுகுடலையே தாக்குது. சிறுகுடலோட உட்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற குடலுறிஞ்சிகள் தேய்ஞ்சு தட்டையாகிடும். சாப்பிட்ட சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தும் கால்சியமும் ரத்தத்தில் சேராம போகும். ரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எல்லாம் அங்கேருந்து வருது.

இதில் கஷ்டம் என்னன்னா, நிறைய பேருக்கு வயிற்று வலியே வராது. உள்ளே சுவர் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், வெளியே அலாரம் அடிக்காது. "ஒண்ணும் ஆகல"ங்கறதை வச்சு முடிவு எடுக்க முடியாதுன்னு சொல்றது அதனாலதான். இப்போதைக்கு இதுக்கு வழக்கமான சிகிச்சை ஒண்ணுதான்: ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு. மாசத்தில் 20 நாள் கடைப்பிடிச்சா மூணில் ரெண்டு பங்கு குணம்னு கணக்குப் போட முடியாது. மிச்ச பத்து நாள் அந்த ஆறின இடத்தை மறுபடியும் கிளறிவிடும்.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தியாவில் மூணு பகுதிகளை ஒப்பிட்டு 2016-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவங்க வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வகை மட்டும் தெற்கிலும் வடக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருத்தர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். இங்கே நோய் குறைவு, அதனால தெரிஞ்சவங்களும் குறைவு. கடைக்கார அண்ணாகிட்ட "குளூட்டன் இருக்கா?"ன்னு கேட்டா "எந்த கம்பெனி தம்பி?"ன்னு கேட்பார். அவர் மேல தப்பு இல்ல. தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் நாமதான்.

20-ங்கற எண்

இந்தியாவில் ஒரு பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ"ன்னு போடணும்னா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே குளூட்டன் இருக்கணும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி அது. 20 முதல் 100 வரைக்கும் "லோ குளூட்டன்". அது நமக்கானது இல்ல.

20 எங்கேருந்து வந்துச்சு? ஒரு நாளைக்கு சுமார் 10 மில்லிகிராம் வரைக்கும் பெரும்பாலான சீலியாக்காரங்க தாங்குவாங்கன்னு ஆய்வுகள் சொல்லுது. தினமும் 50 மில்லிகிராம் மூணு மாசம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் குடலில் சேதம் தெரிஞ்சுது. 20 என்ற எல்லையில் இருக்கிற உணவை அரை கிலோ சாப்பிட்டாத்தான் 10 மில்லிகிராம் வரும். அதனால அது நியாயமான எல்லை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. கோதுமை மாவில் தோராயமா பத்தில் ஒரு பங்கு குளூட்டன்னு வச்சுக்குவோம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னா 3 கிராம் குளூட்டன், அதாவது 3,000 மில்லிகிராம். நம்மளோட ஒரு நாள் எல்லை 10. ஒரு சப்பாத்தியை முந்நூறு துண்டாக்கினா அதில் ஒரே ஒரு துண்டு. "கொஞ்சம்தானே"ங்கற வார்த்தைக்கு இங்கே இடம் இல்லாதது இதனாலதான்.

இதே கணக்கை அரிசிக்குப் போடுங்க. ஒரு கோதுமை மணி ஏறக்குறைய 40 மில்லிகிராம் எடை. அதில் குளூட்டன் 4 மில்லிகிராம். ஒரு கிலோ அரிசியில் அஞ்சு கோதுமை மணி கிடந்தாலே 20-ஐத் தொட்டாச்சு. பயமா இருக்கா? எனக்கு இது நல்ல செய்தியாத்தான் படுது. ஏன்னா அந்த அஞ்சு மணியும் கண்ணுக்குத் தெரியும். முறத்தில் போட்டுப் பார்த்தா பொறுக்கி எடுத்துடலாம், கழுவினா மேலே ஒட்டின தூசியும் போயிடும். அதே அஞ்சு மணி அரைபட்டு அரிசி மாவில் கலந்துட்டா உலகத்தில் எந்தக் கண்ணாலயும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்குங்க: முழு தானியத்தில் கலப்பு தெரியும், மாவில் தெரியாது.

பாக்கெட்டோட பின்பக்கம்

முன்பக்கத்தை நம்பாதீங்க. "நோ மைதா"ன்னு போட்டிருந்தா உள்ளே ஆட்டா இருக்கும். "மல்டிகிரெய்ன்"னு போட்டிருந்தா பல தானியத்தில் முதல் தானியம் பெரும்பாலும் கோதுமை. "மில்லட் நூடுல்ஸ்", "ராகி பிஸ்கட்", "ராகி சேமியா" இதில் பலதில் ராகி விருந்தாளி, கோதுமைதான் வீட்டுக்காரர். பச்சைப் புள்ளி சைவம்னு மட்டும் சொல்லும், குளூட்டனைப் பத்தி எதுவும் சொல்லாது.

பின்பக்கத்தில் மூணு இடம் பார்க்கணும்.

முதல் இடம், சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும். கோதுமைக்கு மாறுவேஷம் நிறைய: ஆட்டா, மைதா, ரவை, சூஜி, செமோலினா, தலியா, சேமியா, சம்பா கோதுமை, கப்ளி. கடைசி ரெண்டையும் கவனிங்க. பாரம்பரிய கோதுமை, சர்க்கரைக்காரங்களுக்கு நல்லதுன்னு சொல்லி விப்பாங்க. அதுவும் கோதுமைதான், குளூட்டன் இருக்கு. பார்லிக்கு முக்கியமான வேஷம் மால்ட். மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் வினிகர் ரெண்டும் வேண்டாம்.

ரெண்டாவது இடம், "கன்டெய்ன்ஸ்"னு தடிச்ச எழுத்தில் வர்ற அலர்ஜி வரி. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தா பாக்கெட் உணவில் சொல்லியே ஆகணும்.

மூணாவது இடம், "மே கன்டெய்ன்". அதே தொழிற்சாலையில் கோதுமையும் ஓடுதுன்னு அர்த்தம். இதை நல்லாப் புரிஞ்சுக்கணும். அந்த வரி இருந்தா தவிர்க்கலாம். அந்த வரி இல்லங்கறதால கலப்பே இல்லன்னு அர்த்தம் ஆகாது.

தேவையில்லாம பயப்படற வார்த்தைகளும் இருக்கு. மால்டோடெக்ஸ்ட்ரின் வேற, மால்ட் வேற. மால்டோடெக்ஸ்ட்ரின் பத்திக் கவலை வேண்டாம். அஜினமோட்டோவில் வர்ற குளூட்டமேட் குளூட்டன் இல்ல. ஒட்டும் அரிசியை ஆங்கிலத்தில் குளூட்டினஸ் ரைஸ்னு சொல்வாங்க, அதிலும் குளூட்டன் கிடையாது. கவுனி அரிசி தாராளமா சாப்பிடலாம். பக்வீட் பேரில்தான் வீட் இருக்கு, அது கோதுமைக் குடும்பமே இல்ல. இன்னொரு முக்கியமான குழப்பம்: ரை தானியத்தை சில மொழிபெயர்ப்புகளில் "கம்பு"ன்னு போட்டுடறாங்க. நம்ம கம்பு வேற தானியம், அது குளூட்டன் இல்லாதது. மொழிபெயர்ப்பைப் பார்த்துக் கம்பங்கூழை விட்டுடாதீங்க. பார்லிக்கு மட்டும் தமிழில் வாற்கோதுமைன்னு சரியாவே பேர் இருக்கு.

நான் பண்றது என்னன்னா, வழக்கமா வாங்கற ஒவ்வொரு பாக்கெட்டோட பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஆல்பத்தில் வச்சிருக்கேன். கம்பெனிகள் சேர்மானத்தை மாத்துவாங்க, நமக்குச் சொல்லிட்டு மாத்த மாட்டாங்க. புதுப் பாக்கெட் வாங்கும்போது பழைய போட்டோவோட ஒத்துப் பார்ப்பேன். எழுத்து பொடிசா இருந்தா கேமராவில் பெருசாக்கிக்கலாம்.

ரேக் ரேக்கா ஒரு சுத்து

இப்போ கூடையை எடுத்துக்கிட்டு உள்ளே போவோம். டிமார்ட், ரிலையன்ஸ் ஸ்மார்ட், காமதேனு மாதிரி கூட்டுறவுக் கடை, தெருமுனை மளிகை, எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

அரிசி, பருப்பு: கூடையோட முக்கால் பங்கு இங்கேதான். புழுங்கல் அரிசி, பச்சரிசி, அவல், பொரி, துவரம் பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் முழுசா வாங்குங்க. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருது, பிரச்சினை இல்ல. கடையோட சொந்த பிராண்ட் பாக்கெட்டே போதும். ஒரே ஒரு பொருள் இருக்கிற பாக்கெட்டில் பிராண்டுக்குக் கூடக் காசு கொடுக்கிறதில் நமக்கு லாபம் இல்ல. எடுத்து வந்து பரப்பிப் பொறுக்கி, நல்லாக் கழுவணும். அவ்வளவுதான்.

வீட்டில் ரேஷன் அட்டை இருந்தா அதையும் விடாதீங்க. தமிழ்நாட்டில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதே கடையில் கோதுமையும் அளக்கிறதால பொறுக்கிறதையும் கழுவறதையும் மட்டும் தவற விடாதீங்க. செறிவூட்டின அரிசியில் மணி வேற மாதிரி தெரிஞ்சா பயப்பட வேண்டாம். அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செஞ்சது.

மசாலா: இங்கேதான் நம்ம ஊர்ப் பொறி இருக்கு. அதோட பேர் பெருங்காயம். நாம வாங்கற தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் ரொம்பக் காட்டமான பிசின், அதைத் தணிக்க மாவும் கோந்தும் சேர்ப்பாங்க. அந்த மாவு பல பிராண்டில் கோதுமை அல்லது மைதா. "சாம்பாரில் கோதுமை எங்கே இருக்கு?"ன்னு அம்மா கேட்பாங்க. இதோ கணக்கு. ஒரு சட்டி சாம்பாருக்கு அரை கிராம் தூள், அதில் பாதி மாவுன்னா 250 மில்லிகிராம் மாவு, 25 மில்லிகிராம் குளூட்டன். நாலு பேர் சாப்பிட்டா தலைக்கு 6. அப்புறம் ரசம், அப்புறம் கூட்டு, தொட்டுக்க ஊறுகாய். கோதுமையைக் கண்ணாலயே பார்க்காம ஒரு நாள் எல்லை தாண்டிடுச்சு.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடையில் கிடைக்குது, பின்பக்கம் பார்த்து எடுங்க. கிடைக்கலன்னா பெருங்காயம் இல்லாமலே பூண்டு, சீரகம் வச்சு ஓட்டிடலாம். சாம்பார் பொடி, ரசப் பொடி, புளியோதரைப் பேஸ்ட், இட்லிப் பொடி, ஊறுகாய் எல்லாத்திலும் பெருங்காயம் ஒளிஞ்சிருக்கும். மிளகாய், தனியா, சீரகம், மிளகு, மஞ்சள் முழுசா வாங்கி வறுத்து மிக்ஸியில் பொடி பண்ணா விலையும் குறைவு, பயமும் குறைவு.

டிபன் மிக்ஸ்: தோசை மிக்ஸ், பஜ்ஜி மிக்ஸ், குலாப் ஜாமூன் மிக்ஸ்னு வர்றதில் மைதாவும் ரவையும் சகஜம். சத்துமாவைத் தனியாச் சொல்லணும். இருபது தானியம்னு பெருமையாப் போட்டிருப்பாங்க, அந்த இருபதில் சம்பா கோதுமையும் பார்லியும் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் அரைச்ச இட்லி மாவை மிஞ்சின டிபன் மிக்ஸ் எதுவும் இல்ல.

பானங்கள்: ஹார்லிக்ஸ், பூஸ்ட் மாதிரி மால்ட் பானங்கள் பார்லி, கோதுமையில் செய்யறது. உடம்பு சரியில்லாதவங்களுக்கு அன்பா வாங்கிட்டு வர்றது முதலில் இதுதான். வர்றவங்ககிட்ட ஆரஞ்சு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. கார்ன்ஃபிளேக்ஸ் சோளம்தான், ஆனா பலதில் ருசிக்கு மால்ட் சேர்த்திருப்பாங்க. ஓட்ஸ் விளைச்சலிலும் ஆலையிலும் கோதுமையோட கலக்கிறது சகஜம். அதனால குளூட்டன் ஃப்ரீன்னு எழுதாத ஓட்ஸ் வேண்டாம். எழுதினதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தொடங்குங்க.

நொறுக்கு, சாஸ்: சோயா சாஸில் வழக்கமா கோதுமை உண்டு. கலர் கலரா வர்ற பொரிக்கிற அப்பள வகைகளில் ரவை, மைதா இருக்கலாம். உளுந்து அப்பளம்னா சேர்மானம் பாருங்க. தட்டை, முறுக்கு, மிக்ஸர் பாக்கெட்டில் மாவும் பெருங்காயமும் ரெண்டையும் தேடணும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், வாழைப்பழம் இதெல்லாம் நம்ம பக்கம்.

மாவு மில்லும் லூஸ் டப்பாவும்

என் வீட்டுப் பக்கத்து மில்லில் நடந்த பேச்சு இது.

"அண்ணா, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"கோதுமைதான் தம்பி. கவலைப்படாதீங்க, முதல் கை மாவைத் தள்ளிட்டுத்தான் உங்களோடதைப் போடுவேன்."

அவர் நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா கல்லுக்கு நடுவிலயும் துணிப்பைக்குள்ளயும் வெறும் 20 கிராம் கோதுமை மாவு தங்கியிருக்குன்னு வச்சுக்கங்க. அது என்னோட ரெண்டு கிலோ ராகியில் கலந்தா 2,000 மில்லிகிராம் குளூட்டன், கிலோவுக்கு 1,000. எல்லை 20. அம்பது மடங்கு. பொதுவான மில்லில் அரைச்ச ராகி மாவு, கடலை மாவு, அரிசி மாவு சீலியாக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்றது இந்தக் காரணத்துக்காக. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஒரு ஆய்வில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியம், மாவுன்னு 22 பாக்கெட் சோதிச்சாங்க. எதுவும் குளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் போட்டது இல்ல. அதில் 7 பாக்கெட் 20-ஐத் தாண்டியிருந்துச்சு. மில் கலப்பு நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல.

மாற்று வழி: ராகியைக் கழுவி, வெயிலில் காயவச்சு, மிக்ஸியில் அரைச்சு சலிக்கலாம். இல்லன்னா ஊறவச்சு கிரைண்டரில் மாவாட்டி ராகி தோசை, கம்பு தோசை சுடலாம். ரூமில் மிக்ஸி இல்லன்னா கவலையே வேண்டாம். சாதம், பருப்பு, அவல், சுண்டல் எதுக்கும் மாவு தேவையில்ல. மாவாவே வாங்கியாகணும்னா, அதுக்குத்தான் அந்த குளூட்டன் ஃப்ரீ ரேக். மாவு ஒண்ணுக்கு மட்டும் அங்கே காசு கொடுக்கிறது நியாயம்.

அடுத்து கடையில் திறந்து வச்சிருக்கிற லூஸ் டப்பாக்கள். ரவை டப்பாவுக்குப் பக்கத்தில் கடலைப் பருப்பு, ரெண்டுக்கும் ஒரே கரண்டி. விலை ரெண்டு மூணு ரூபாய் குறையும், நமக்கு வேண்டாம். கடையிலேயே எடை போட்டு ஒட்டின பாக்கெட்டும் அதே கதையா இருக்கலாம். "இது எங்கண்ணா பாக்கெட் போடறீங்க?"ன்னு கேட்கலாம், தப்பில்ல. ஆலையில் மூடி வந்த பாக்கெட்டை எடுங்க. பருப்பு மாதிரி பச்சைத் தானியங்களுக்கு அலர்ஜி வரி கட்டாயம் இல்ல, அதனால லேபிள் சுத்தமா இருந்தாலும் பொறுக்கிக் கழுவற வேலை நம்மளோடது.

அந்த மாசக் கடைசிக் கூடை

சரி, 20-ஆம் தேதி, கையில் கொஞ்சம் காசு. என்ன வாங்கறது? அரிசி அஞ்சு கிலோ. துவரம் பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஒவ்வொண்ணும் அரை கிலோ. அவல் அரை கிலோ. முட்டை ஒரு டஜன். எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், சீரகம், பூண்டு. ரெண்டு கட்டு முருங்கைக்கீரை, வாழைப்பழம், தயிர். ஒரு ஆளுக்குப் பத்து நாள் தாராளமா ஓடும். காலையில் அவல் உப்புமா, மதியம் சாதம் பருப்பு கீரை, சாயந்திரம் சுண்டல், ராத்திரி பொங்கலோ தயிர் சாதமோ முட்டையோ. இதில் லேபிள் படிக்க வேண்டிய பாக்கெட் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. கை விரலே மிச்சம்.

வெறும் சாதமும் தயிருமாவே ஓட்டிடாதீங்க. குடல் ஆறிக்கிட்டு இருக்கிற நேரத்தில் இரும்பும் கால்சியமும் நார்ச்சத்தும் வேணும். பயறு, கீரை, எள்ளு, ராகி அதுக்குத்தான். குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டில் இதெல்லாம் பெருசா கிடைக்காது. பிஸ்கட் எந்த ரேக்கில் இருந்தாலும் பிஸ்கட்தான்.

பகிர்ந்துக்கிற சமையலறைன்னா மூணு பொருள் மட்டும் தனியா வச்சுக்குங்க: மாவு சலிக்கிற சல்லடை, மரக்கரண்டி, தோசைக்கல். முதல் ரெண்டுலயும் இடுக்கில் மாவு தங்கும், கழுவினாலும் முழுசாப் போகாது. தோசைக்கல் வேண்டாம், சப்பாத்தி போடறவங்களோட ஒண்ணாப் பயன்படுத்த வேண்டாம்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

ஒண்ணு, இதைக் கேட்டுட்டு "எனக்கும் அடிக்கடி வயிறு உப்புது, நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திடறேன்"னு கிளம்பாதீங்க. சீலியாக் இருக்கான்னு பார்க்கிற டிடிஜி ரத்தப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோப்பிக்கும், நீங்க கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் சரியான பதில் வரும். நிறுத்திட்டுப் போனா இருக்கிற நோய் இல்லன்னு வரலாம். முதலில் டெஸ்ட், அப்புறம்தான் டயட். இரும்பு மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை இருந்தா, இந்த டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்கிறதில் வெட்கம் ஒண்ணும் இல்ல. வீட்டில் ஒருத்தருக்கு இருந்தா அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களும் ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது, அவங்களுக்கு வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம்.

ரெண்டு, வீட்டில் யாருக்காவது சீலியாக்னு தெரிஞ்சா அவங்களுக்கு குளூட்டன் ஃப்ரீ கேக் வாங்கிக் கொடுக்கிறதை விடப் பெரிய உதவி ஒண்ணு இருக்கு. உங்க அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படிங்க. மைதான்னு இருந்தா மாத்துங்க. அப்புறம் அவங்க உங்க வீட்டுக்கு வந்து பயமில்லாம ரெண்டாவது தடவை ரசம் கேட்பாங்க.

உங்க வழக்கமான பிராண்ட் எதிலாவது எதிர்பாராத இடத்தில் கோதுமை இருந்தா பின்பக்க போட்டோவோட அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் படிக்கறேன். அடுத்த வாரம் மறுபடியும் சர்வர் பக்கம் போறோம். வரட்டுமா மக்களே.